கட்டையும் கம்பளியும்

நம் இலக்கிய வட்டம் தொடக்க ஆண்டுகளில் திருவள்ளூர்ப் பள்ளி ஒன்றின் மண்டபத்தில் கூடிவந்ததை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்மண்டபத்தின் வடக்குச் சுவரோரம் பழைய பியானோ ஒன்று நின்றது. மாலைகளையும் பொன்னாடைகளையும் அதன்மீதுதான் வைப்போம். கவியரங்கிற்கு வந்த குழந்தைகள் மூடியைத் திறந்து கட்டைகளை அழுத்தினால், இசையினும் ‘லொட லொட’ என்னும் மரவோசையே மிகுதியாக எழும். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி நிருவாகம் அதனைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட முடிவு செய்தது. உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டத்துக்குத்தான் விலை, மரத்துக்கு விலையில்லை.

அன்று உடன் வந்திருந்தவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் லேத் இயக்கும் நம் கவிஞர் ஒருவர். அவர் ஒரு கட்டையை இரு விரலால் பற்றி இடமும் வலமும் அசைத்துப் பார்த்தார். “புஷ் போயிடுச்சும்மா, வேற ஒண்ணுமில்ல” என்றார்.

இயந்திரத்தில் சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் துளைக்கும் இடையே இடுகின்ற உறையைத் தொழிற்பேட்டையில் புஷ் என்பர். பியானோ பழுதுபார்ப்போரும் அதே சொல்லையே ஆள்கின்றனர் என்பதைப் பின்னரே அறிந்தேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பின்தொடர்ந்து சென்றதன் விளைவே இக்கட்டுரை.

பியானோவின் கட்டை நம் கண்ணுக்குத் தெரிவதைக் காட்டிலும் நீளமானது. வெளியே தெரிவது அதன் முன்பகுதி மட்டுமே. உள்ளே அது ஒரு நெம்புகோல். நடுவில் ஒரு முளை அதனை ஊடுருவி நிற்கும். முன்புறத்தில் நீள்வட்ட வடிவிலான இன்னொரு முளை, கட்டை பக்கவாட்டில் விலகாமல் காக்கும். முளை நுழையும் குழியின் இரு பக்கச் சுவர்களிலும் மெல்லிய கம்பளித் துணி ஒட்டப்பட்டிருக்கும். இரும்பு மரத்தைத் தொடாமல் இருப்பதற்கு அத்துணியே காரணம். ஆயிரக்கணக்கான விரலழுத்தங்களில் துணி தேய்கிறது. கட்டை ஆடத் தொடங்குகிறது. பக்கத்துக் கட்டையில் உரசுகிறது. பிறகு இசையோடு மரத்தின் ஓசையும் கலந்துவிடுகிறது. பெட்டி கெட்டுப்போயிற்று என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தத் துணி தேய்ந்ததைத்தான்.

பியானோவை இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் கிறிஸ்தோஃபோரி என்பார் 1700-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினார். அவர் செய்தவற்றுள் மூன்றே இன்று எஞ்சியுள்ளன. கம்பிகள் மேல்கீழாக நிற்கும் சிறிய வகை அதற்கு நூறு ஆண்டுகள் கழித்தே வடிவம் பெற்றது. இலண்டனில் ராபர்ட் வோர்னம் அதன் உள்ளமைப்பைச் செம்மைப்படுத்தி 1842-இல் காப்புரிமை பெற்றார். அரண்மனைக் கூடத்தை விட்டு நடுத்தர வீட்டின் சுவரோரத்துக்குப் பியானோ வந்து சேர்ந்தது இவ்வகையால்தான். அதே 1842-இல் சென்னையில் மிஸ்கித் நிறுவனம் தொடங்கப்பெற்றது என்பது தற்செயலே ஆயினும் நினைவில் கொள்ளத்தக்கது. பின்னாளில் மியூசி மியூசிகல் என்று பெயர் மாறி மவுண்ட் ரோட்டின் அடையாளங்களுள் ஒன்றானது அந்நிறுவனமே. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கடல்வழி சுருங்கியது. சென்னை இராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை 1856-இலேயே இருப்புப்பாதை அமைந்துவிட்டது. கப்பலில் வந்த கனமான பெட்டி உள்ளூர்களுக்குச் செல்ல வழி பிறந்தது.

வந்த பெட்டி இந்த மண்ணில் எப்படி வாழ்ந்தது என்பதே என் வினா. குளிர்நாட்டுக்காகச் செய்த பொருளை வெப்பநாட்டுக்கு அனுப்புகையில் இலண்டன் நிறுவனங்கள் சில முன்னேற்பாடுகளைச் செய்தன. இரும்புத் திருகுக்கு மாற்றாகப் பித்தளைத் திருகு இட்டனர். மெல்லிய மேல்தகட்டை ஒட்டாமல் கெட்டி மரத்தால் பெட்டி செய்தனர். ஆயினும் கட்டைக்குள் இருந்த கம்பளி கம்பளியாகவே இருந்தது. அதற்கு அந்துப்பூச்சி பகை. அதனை ஒட்டிய வச்சிரத்துக்குக் கரப்பான் பகை. முளைக்குக் கடற்காற்றின் உப்பு பகை. துருவேறிய முளை அரம்போல் நின்று துணியை அறுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை வாங்கிப் பருக்கும். கட்டை இறுகி, அழுத்தினால் எழாது. அக்கினி நட்சத்திரத்தில் மரம் சுருங்கும். அதே கட்டை ஆடும். பெட்டிக்குள் சிறு மின்விளக்கை எரியவிட்டு ஈரம் போக்குவதும், நாப்தலின் உருண்டை போடுவதும் பியானோ வைத்திருந்த குடும்பங்களில் வழக்கமாயின.

மரத்தின் குற்றம் இசையின் குற்றமாகும் என்பது நமக்குப் புதிதன்று. செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என நரம்பின் பகை நான்கையும் கூறும் பழைய உரைகள், நீரில் நின்ற மரம், அழுகிய மரம், இடி விழுந்த மரம் ஆகியவற்றால் யாழ் செய்யின் அக்குற்றங்கள் பிறக்கும் என்கின்றன. யாழாசிரியன் அறிந்ததை மவுண்ட் ரோட்டுத் தச்சரும் அறிந்தே இருந்திருப்பார்.

ஆனால் அந்தத் தச்சர் யார்? 1893-இல் சென்னை இசைக் கழகமாகிய மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் தோன்றியது, அக்காலத்திலேயே ஏ. எம். சின்னசாமி முதலியார் நம் இசையை மேலைச் சுரக்குறிப்பில் பதிப்பிக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் இளையராஜாவுக்கு மேலையிசை கற்பித்தார். விற்றவர் பெயரும், வாசித்தவர் பெயரும், கற்பித்தவர் பெயரும் நமக்குக் கிடைக்கின்றன. முழங்காலிட்டுக் கட்டைகளை உருவியெடுத்துத் துணி மாற்றியவரின் பெயரை நான் பார்த்த எந்த நூலும் தரவில்லை. கவிதை வரலாற்றில் ஏடெழுதியவருக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுதானே.

அவர்களின் சுவடு மொழியில் மட்டும் தங்கியிருக்கிறது. பியானோவுக்கும் ஆர்மோனியத்துக்கும் பொதுவான ‘கட்டை’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடக மேடையில் ஆர்மோனியம் ஆட்சி செய்தபோது, பாடகரின் சுருதியையே கட்டையால் அளந்தார்கள். ஒரு கட்டை என்றால் மேலையிசையின் ‘சி’. இரண்டு என்றால் ‘டி’. கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, நாலரை, ஐந்தரை என அரைக்கணக்கில் வரும். ‘எட்டுக் கட்டைக் குரல்’ என்று இன்றும் சொல்கிறோம். வெறும் மரத்துண்டைக் குறித்த தச்சர் சொல், குரலின் உயரத்துக்கு அளவுகோலாயிற்று. இதனைச் சொற்பிறப்பு ஆய்வாளர்கள் இன்னும் உரியவாறு கவனிக்கவில்லை என்பது என் குறை.

பள்ளிப் பியானோவுக்குத் திரும்புவோம். முதலில் வந்த ஒருவர் முன்முளைகளைக் குறடால் சற்றே திருப்பிவிட்டுப் பணம் பெற்றுச் சென்றார். நீள்வட்ட முளையைத் திருப்பினால் ஆட்டம் அன்றைக்கு மறையும். ஆனால் முளையின் விளிம்பு துணியைக் கீறத் தொடங்கும். ஆறே மாதத்தில் ஆட்டம் முன்னினும் மிகுந்தது. நிருவாகம் பழைய இரும்புக்காரரை மீண்டும் அழைத்தது. வட்டத்தின் சார்பில் ஒரு கோடை விடுமுறை அளவுக்குத் தவணை கேட்டுப் பெற்றோம்.

இரண்டாவதாகச் சென்னையிலிருந்து வந்தவர் எழுபது வயதைக் கடந்தவர். தந்தையும் இதே தொழில். முதல் வேலையாகக் கட்டைகளின் எண்களைப் பார்த்தார். எண்பத்தைந்து. பழைய பியானோக்களில் அவ்வளவுதான். எண்பத்தெட்டு என்பது பின்னர் நிலைபெற்ற கணக்கு. கட்டைகள் யாவும் ஒரே பலகையிலிருந்து அறுக்கப்படுபவை. ஆகவே ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. எண் வரிசைப்படி அடுக்கிக்கொண்டு, குழிகளில் வெந்நீராவி காட்டிப் பழைய வச்சிரத்தை இளக்கினார். துணியைப் பிய்த்தெடுக்கவில்லை, அது தானே கழன்று வரும் வரை காத்திருந்தார். பிய்த்தால் மரமும் உடன் வருமாம். முளைகளின் துருவை மினுக்கினார். அரித்துப்போன சில முளைகளை நம் கும்மிடிப்பூண்டிக் கவிஞர் தம் ஓய்வு நேரத்தில் கடைந்து தந்தார். புதுத் துணியை நாடாவாக அறுத்து, வச்சிரம் தடவி, குழிக்குள் மடித்து, மேலே அளவான மரச் சக்கையைச் செருகி உலரவிட்டார்.

“துணி தடிச்சா கட்டை நிக்கும், மெலிஞ்சா ஆடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மயிரிழை இருக்கும்மா” என்றார். உலர்ந்தபின் ஒவ்வொரு கட்டையையும் முளையில் ஏற்றித் தூக்கிவிட்டார். தன் எடையாலேயே அது மெல்ல இறங்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் அசைவு இருப்பது விரலுக்குத் தெரிய வேண்டும், காதுக்குக் கேட்கக் கூடாது. எண்பத்தைந்து கட்டைக்கும் கட்டைக்கு இரு குழியாக நூற்றெழுபது குழிகள். பதினொரு நாள் ஆயிற்று. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் தம் தந்தை இராணுவக் கம்பளியைச் சீவி மெலிதாக்கிப் பயன்படுத்தியதாகச் சொன்னார்.

அவ்வேலையின்போதுதான் அந்த ஆவணம் கிடைத்தது. தாழ்சுரப் பக்கத்து முதற் கட்டையின் பக்கவாட்டில், வெளியே தெரியாத இடத்தில், பென்சிலால் எழுதியிருந்தது: விடுதலைக்கு முந்தைய ஓர் ஆண்டு, அதனருகே தமிழில் இரண்டே எழுத்துகள், புள்ளியிட்ட முதலெழுத்துகள். கல்வெட்டைப் படியெடுப்பதுபோல் அதனைப் படியெடுத்து வைத்திருக்கிறேன். வந்தவர் அதைத் தேய்த்து அழிக்கவில்லை. அதன் கீழே தம் முதலெழுத்துகளையும் ஆண்டையும் எழுதினார். இம்மலரில் தங்கள் பெயரைக் குறிப்பிடலாமா என்று கேட்டேன். “உள்ள எழுதியிருக்கேனேம்மா” என்று சொல்லி அடுத்த கட்டையை எடுத்தார்.

பியானோ இன்று அதே வடக்குச் சுவரோரம் நிற்கிறது. அதன்மேல் மாலை வைப்பதில்லை. சென்ற ஐப்பசி மழையில் நடுவிலுள்ள மூன்று கட்டைகள் இறுகிக்கொண்டன. தொலைபேசியில் சொன்னபோது, கை வைக்க வேண்டாம், தை பிறக்கட்டும், வெயில் பாதியைச் சரிசெய்யும், மீதியைத் தாம் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.