சுவரில் மாட்டிய ராஜா வீட்டுக் குழந்தைகள்

பட்டுச் சட்டை, சரிகை வைத்த கவுன், உப்பிய கன்னம்... பிரெஞ்சு அரச குடும்பத்துக் குழந்தைகளின் பழைய ஓவியங்களைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டுவது பலருக்குப் பிடித்த அலங்காரம். பார்க்க அழகுதான். ஆனால் அவை அழகுக்காக மட்டும் வரையப்பட்டவையா?

1787-ல் எலிசபெத் விஜே லெ ப்ரூன் என்ற பெண் ஓவியர் வரைந்த படத்தைப் பாருங்கள். ராணி மரி அந்துவானெத்தும் அவர் குழந்தைகளும். சுமார் 9 அடி உயரம். ராணியை ஊதாரி என்று மக்கள் வெறுத்த காலம் அது. 'இவர் நல்ல தாய்' என்று ஊருக்குக் காட்டவே அரண்மனை இதை வரையச் சொன்னது.

மடியில் சின்னவன் லூயி ஷார்ல். தோளில் சாய்ந்தபடி மகள் மரி தெரேஸ். பட்டத்து இளவரசன் லூயி ஜோசப் ஒரு தொட்டிலைக் காட்டுகிறான். தொட்டில் காலி! 11 மாதக் குழந்தை சோபி அந்த ஜூன் மாதம்தான் இறந்திருந்தாள்.

இதே ஓவியருக்கும் புதுச்சேரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1787 ஜூலையில் திப்பு சுல்தானின் மூன்று தூதர்கள் புதுச்சேரியில் கப்பலேறி பிரான்ஸ் போனார்கள். 1788 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் மன்னர் 16-ஆம் லூயியைச் சந்தித்தார்கள். அவர்களில் முகமது தர்வேஷ் கானை லெ ப்ரூன் வரைந்தார். அந்த ஓவியம் 2019-ல் நியூயார்க்கில் 70 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது.

1789 ஜூனில் லூயி ஜோசப்பும் 7 வயதில் இறந்தான். அதன்பின் அந்தப் படத்தைக் கடக்கும்போதெல்லாம் ராணி அழுதாராம். அதனால் அதைக் கழற்றி வைக்கச் சொன்னார் என்று லெ ப்ரூன் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்த அக்டோபரில் கூட்டம் அரண்மனைக்குள் புகுந்தபோது படம் தப்பியதும் அதனால்தானாம்.

நம் பக்கம் வழக்கம் வேறு. காட்டேரிக்குப்பமோ பாகூரோ, இறந்தவர் படத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டுக் கூடத்திலேயே மாட்டுவார்கள். தினமும் முகம் பார்க்க வேண்டும் என்பதற்காக. ராணியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டுமே பாசம்தான், இல்லையா?

1793-ல் ராணியின் தலை வெட்டப்பட்டது. லூயி ஷார்ல் 1795-ல் சிறையிலேயே 10 வயதில் இறந்தான். படத்தில் இருப்பவர்களில் மரி தெரேஸ் மட்டுமே 1851 வரை வாழ்ந்தார்.

இனி அந்தப் படத்தை எந்த வீட்டுச் சுவரில் பார்த்தாலும், பட்டுத்துணியைப் பார்த்த பிறகு தொட்டிலையும் ஒருமுறை பாருங்கள்.