இலை வேறு, ஓலை வேறு

கும்மிடிப்பூண்டி செல்லும் மின்தொடர் வண்டி அத்திப்பட்டைக் கடக்கையில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு இப்பால் நின்ற ஒற்றைப் பனையைக் காட்டி, 'பனை இலை' என்றான் ஒரு சிறுவன். 'ஓலைன்னு சொல்லுடா கண்ணு' என்று திருத்தினார் அவனுடைய பாட்டி. அத்திருத்தத்தின் பழமையை எண்ணி வியந்தோம்.

தொல்காப்பியத்தின் மரபியல், அகத்தே வயிரம் உடையதை மரமென்றும் புறத்தே வயிரம் உடையதைப் புல்லென்றும் பகுக்கிறது. வேம்பும் புளியும் மரம். அவற்றுக்குரியவை இலை, முறி, தளிர். பனையும் தெங்கும் புல். அவற்றுக்குரியவை ஓலை, தோடு, மடல், ஏடு, இதழ், ஈர்க்கு. இன்றைய தாவரவியலும் பனையை ஒருவித்திலைத் தாவரமாகப் புல்லின் பக்கமே நிறுத்துகிறது.

மலையாளத்தில் 'ஓல', கன்னடத்தில் 'ஓலெ' என வழங்குவதால், இது திராவிட மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல் எனலாம். சுருட்டிக் காதிலிட்ட ஓலை அணியின் பெயராயிற்று. எழுதப்பட்ட ஓலை கடிதமாயிற்று. சோழர் அரசாணையை எழுதிய அதிகாரி 'திருமந்திர ஓலை' எனப்பட்டார். கி.பி. 921ஆம் ஆண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டு விவரிக்கும் தேர்தல் முறையைக் குடவோலை என்கிறோம்.

இன்று நாம் வாசிக்கும் ஏடு, எழுதும் மடல், காத்திருக்கும் இதழ் யாவும் தொல்காப்பியர் புல்லுக்கு வகுத்த உறுப்புகளே. மரத்தின் இலை நமக்கு நிழல் தந்தது. எழுத்தைத் தந்தது ஓலை. வடக்கே பழவேற்காட்டில் பெண்கள் பனையோலைப் பெட்டி முடைகிறார்கள். பனைகள் அருகினால் பெட்டியோடு சொல்லும் போய்விடும். அந்தப் பாட்டியின் திருத்தத்தை நாமும் சொல்லிக்கொண்டிருப்போம்.