இத்தாலியன் ரெஸ்டாரன்ட்டில் ட்ரீட்டா? மெனு கார்டு முதல் பில் வரை... ஒரு கைடு!

முதல் சம்பளம், புரமோஷன், அரியர் கிளியர், பிறந்தநாள்... காரணம் எதுவா இருந்தாலும், "ட்ரீட் எப்போ மச்சி?" என்ற கேள்வி வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்துடும். பிரியாணிக் கடை என்றால் யோசிக்கவே வேண்டாம். இத்தாலியன் ரெஸ்டாரன்ட் என்றால் கதையே வேற. வாயில் நுழையாத பெயர்கள், உள்ளே என்ன இருக்குன்னு புரியாத சாஸ்கள். கடைசியில் கேங்கில் ஒருத்தர் மட்டும் கார்லிக் பிரெட்டைக் கொறிச்சுக்கிட்டு, "எனக்குப் பசிக்கலடா" என்பார்.

அவர் சைவமா இருக்கலாம், பன்றி இறைச்சி சாப்பிடாதவரா இருக்கலாம், பர்ஸை நினைச்சுப் பயப்படுறவராவும் இருக்கலாம். அவரும் வயிறாரச் சாப்பிட்டு எழுந்தால்தான் அது ட்ரீட். அதுக்கு இந்த விஷயங்களைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

கிளம்பும் முன்னாடியே பேசிடுங்க

முழு பில்லும் ஒருத்தரோடதா, இல்லை எல்லாரும் ஷேர் பண்ணணுமா? இதை குரூப்பிலேயே தெளிவா சொல்லிடுங்க. பில் வந்த பிறகு பேசினால், கையில் காசு இல்லாத நண்பர்தான் சங்கடப்படுவார். யார் எதைச் சாப்பிட மாட்டாங்க, யாருக்கு என்ன அலர்ஜி என்பதையும் அப்போதே கேட்டுடுங்க. வார இறுதி என்றால் டேபிள் புக் பண்ணுவது நல்லது. வெளியிலிருந்து கேக் கொண்டுவரலாமா, அதுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் போனிலேயே விசாரிச்சுடுங்க.

மெனுவின் வரிசை இதுதான்

'ஆன்டிபாஸ்டோ' என்றால் 'பாஸ்தாவுக்கு எதிரி' இல்லை பாஸ்! 'சாப்பாட்டுக்கு முன்' என்று அர்த்தம். நம்ம ஊர் ஸ்டார்ட்டர்தான். சுட்ட பிரெட் மேல் தக்காளி, துளசி வகையைச் சேர்ந்த பேசில் இலை எல்லாம் வெச்சுத் தரும் 'ப்ருஸ்கெட்டா' இந்த வகை. அடுத்து 'ப்ரிமோ': பாஸ்தா, அரிசியில் செய்யும் ரிசோட்டோ, உருளைக்கிழங்கு உருண்டைகளான 'நியோக்கி' எல்லாம் இதில் வரும். மூன்றாவது 'செகண்டோ': இறைச்சி, மீன். கடைசியில் 'டோல்சே' என்கிற இனிப்பு. எல்லாத்தையும் ஆர்டர் பண்ணியே ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

காரமா, க்ரீமா?

காரசாரமா வேணும்னா 'அராபியாட்டா' சொல்லுங்க. தக்காளி, பூண்டு, மிளகாய் சேர்ந்த சாஸ். அந்தப் பேருக்கே 'கோபக்காரன்' என்றுதான் அர்த்தம். சிம்பிளா போதும்னா 'ஆலியோ எ ஓலியோ'. ஆலிவ் எண்ணெயில் பூண்டு, மிளகாய் வதக்கிய பாஸ்தா. க்ரீமியா வேணும்னா ஆல்ஃப்ரெடோ.

பாஸ்தா லேசா கடிபடுற மாதிரி வந்தால், வேகலைன்னு திருப்பி அனுப்பிடாதீங்க. அதுதான் 'அல் டென்டே' பதம். குழைய வேணும்னா ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிடலாம்.

சைவ நண்பர் இருக்காரா? இதைக் கேளுங்க!

பேரை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாத ஐட்டங்கள் நிறைய இருக்கு.

பார்மெசான் சீஸ்: இத்தாலியின் அசல் 'பார்மிஜானோ ரெஜ்ஜானோ'வில் பாலைத் திரிக்க, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பாங்க. ரென்னெட்டை நுண்ணுயிர்களிலிருந்து தயாரிக்கும் முறையும் இருக்கு. அதனால், 'வெஜிடேரியன் சீஸ்தானா?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

பன்னா கோட்டா: இந்த க்ரீம் இனிப்பை உறைய வைக்க வழக்கமா சேர்ப்பது ஜெலட்டின். அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருவது.

டிராமிசு: அசல் முறையில் பச்சை முட்டை உண்டு. பல இடங்களில் ரம் அல்லது ஒயினும் சேர்ப்பாங்க.

கார்போனாரா: ரோம் நகரத்து முறையில் முட்டை, சீஸ், மிளகோடு பன்றியின் கன்னப்பகுதி இறைச்சியும் இருக்கும்.

சீஸர் சாலட்: டிரெஸ்ஸிங்கில் ஆன்சோவி என்கிற மீன் இருக்கலாம். புட்டனெஸ்கா சாஸிலும் அதே கதைதான்.

பெஸ்டோ: பேசில் இலையோடு பைன் நட்ஸ் சேர்த்து அரைப்பது. சில கிச்சன்களில் அதுக்குப் பதில் முந்திரி. நட்ஸ் அலர்ஜி இருப்பவர்கள் உஷார்!

பன்றி இறைச்சி வேண்டாம் என்பவர்கள் சலாமி, ப்ரொஷூட்டோ, பான்செட்டா, பெப்பரோனி என்ற பெயர்களைப் பார்த்தால் நின்று விசாரிங்க. ரிசோட்டோவிலும் சில சாஸ்களிலும் ஒயின் ஊற்றுவதும் வழக்கம்தான்.

ஆறு பேருக்கு எவ்வளவு?

இத்தாலியின் நேப்பிள்ஸில் ஆளுக்கொரு பீட்சா. நாம பங்கு போட்டுக்கலாம். ரெண்டு ஸ்டார்ட்டர், ரெண்டு பீட்சா, ரெண்டு பாஸ்தாவில் ஆரம்பிங்க. பத்தலைன்னா அப்புறம் சொல்லிக்கலாம். ஒரு பீட்சா, ஒரு பாஸ்தாவாவது எல்லோரும் சாப்பிடுற மாதிரி இருக்கட்டும். போட்டோவா? ஒரே ஒரு க்ளிக், அவ்ளோதான். ஆறிப்போன பாஸ்தா ஒட்டிக்கும், பீட்சா ரப்பர் மாதிரி ஆகிடும். உட்கார்ந்ததும் "தண்ணி எது வேணும்?" என்று கேட்டால், "ரெகுலர் வாட்டர்" என்று தைரியமா சொல்லலாம்.

பில் வந்ததும்...

சாதாரண ரெஸ்டாரன்ட்களில் உணவுக்கு ஜி.எஸ்.டி 5%. பெரிய ஸ்டார் ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட் என்றால் 18% வரலாம். பட்ஜெட் போடும்போதே இதைக் கணக்கில் வெச்சுக்கோங்க.

அடுத்தது சர்வீஸ் சார்ஜ். இது அரசாங்க வரி இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இதை பில்லில் தானாகவே சேர்க்கக் கூடாது, கட்டாயப்படுத்தவும் கூடாது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் இதை உறுதிசெய்தது.

ஒரு கணக்கு பார்ப்போமா? 4,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால், 5% வரியோடு 4,200 ரூபாய். 10% சர்வீஸ் சார்ஜ் சேர்த்து, அதுக்கும் வரி போட்டால் 4,620 ரூபாய். வித்தியாசம் 420 ரூபாய், இன்னொரு டெசர்ட்டுக்கு ஆகும்! அதை எடுக்கச் சொல்லி மரியாதையா கேளுங்க. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம்.

அதுக்காக, ஓடியாடிப் பரிமாறியவரை மறந்துடாதீங்க. சர்வீஸ் பிடிச்சிருந்தால், மனசுக்குத் தோணுற டிப்ஸை அவர் கையிலேயே கொடுங்க.

ஷேர் பண்ணுற பில் என்றால், சமமா வகுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. சூப் மட்டும் குடிச்சவரும் ஸ்டீக் சாப்பிட்டவரும் ஒரே தொகை கொடுக்கணுமா என்ன? அவரே வாய் திறந்து கேட்க மாட்டார். நீங்களே முந்திக்கிட்டு, "நீ உன்னோடதுக்கு மட்டும் குடுடா, போதும்" என்று சொல்லிடுங்க. அடுத்த ட்ரீட்டுக்கும் அவர் தயங்காம வருவார்.