ரப்பர் தீயுற வாடை: வண்டலூர் முதல் மறைமலை நகர் வரை

கார்ல ரப்பர் தீயுற வாடை வந்தா, பக்கத்துல இருக்கிறவர் முதல்ல சொல்றது "ஃபேன் பெல்ட்டப் பாருங்க" என்பதுதான். இன்றைய கார்கள் பலவற்றில் அந்த பெல்ட் ஃபேனைச் சுற்றுவதே இல்லை, ஃபேனுக்குத் தனி மோட்டார் வந்துவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. அது எந்தக் காலத்துப் பெயர் என்று பார்க்கப் போனால், செங்கல்பட்டு வட்டாரத்தில் வந்து மூடிப்போன இரண்டு கார் தொழிற்சாலைகளின் கதையும் கூடவே வருகிறது.

முதலில் வாடையைப் பார்ப்போம். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் ரப்பரில் கந்தகம் கலந்து சூடாக்கினார். அதுவரை வெயிலில் பிசுபிசுத்த ரப்பர் அதன்பின் உறுதியானது. சூடு அதிகமானால் இந்த ரப்பர் உருகி ஓடாது, கருகும். கருகும்போது அதில் சேர்ந்த கந்தகமும் வெளியேறுவதால்தான் அந்த மூக்கைத் துளைக்கிற காரம். 1917இல் ஜான் கேட்ஸ் குறுக்குவெட்டில் 'வி' வடிவம் கொண்ட பெல்ட்டைக் கொண்டுவந்தார். புல்லியின் பள்ளத்தில் இறுகி, உராய்வின் பலத்தில் இழுப்பது அதன் வேலை. பெல்ட் தளர்ந்தால் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், வாடை வரும்.

வண்டலூரில் இருந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை. 1961இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. அதில் ஒரே பெல்ட் வாட்டர் பம்பையும் டைனமோவையும் சுற்றியது. பெல்ட் போனால் சார்ஜும் போகும், தண்ணீரும் கொதிக்கும். ஆனால் சொல்லாமல் போகாது: கீச்சென்று கத்தும், வாடை அடிக்கும், சிவப்பு விளக்கு எரியும். ஹெரால்டின் முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து அப்படியே முன்னால் சாயும். எஞ்சின் முழுசும் கண்ணுக்குத் தெரியும். பெல்ட்டின் நீளமான பகுதியில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். அரை அங்குலம் போல அமுங்கினால் சரி. அதிகமாக அமுங்கினால் டைனமோவைக் கொஞ்சம் வெளியே தள்ளி முடுக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் பேரிங் போய்விடும். மதுரையில் தயாரான ஃபென்னர் பெல்ட் கடைகளில் கிடைத்தது. 'தீயுற வாடைன்னா ஃபேன் பெல்ட்' என்ற பாடம் இந்தத் தலைமுறைக் கார்களிடம் கற்றது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை இறக்கிய கம்பெனி, 1988இல் உற்பத்தியை நிறுத்தியது.

அதே ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் தெற்கே போனால் மறைமலை நகர். 1999இல் அங்கிருந்து ஃபோர்டு ஐகான் வந்தது. அதற்குள் பெல்ட்டும் மாறியிருந்தது. 1979இல் அமெரிக்காவில் மஸ்டாங் காரில் வந்த ஏற்பாடு அது: பல சின்னப் பள்ளங்கள் கொண்ட ஒரே தட்டை பெல்ட், ஆல்டர்நேட்டர், ஏசி எல்லாவற்றையும் வளைந்து வளைந்து சுற்றும். ஸ்பிரிங் டென்ஷனர் தானாகவே இறுக்கிக்கொள்ளும். பிறகு ரப்பரும் மாறியது. பழைய நியோப்ரீன் பெல்ட்டில் வெடிப்பு தெரியும். ஈ.பி.டி.எம். ரப்பர் எளிதில் வெடிக்காது, டயர் போல மெல்லத் தேயும். "வெடிப்பு இல்ல, பெல்ட் நல்லாருக்கு" என்ற பழைய கணக்கு இதற்குப் பொருந்தாது.

ஆகவே இன்று வாடை வந்தால் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எப்போது வருகிறது என்று பாருங்கள். ஏசி போட்டதும் கீச்சுச் சத்தத்தோடு வந்தால், பெல்ட்டோ இறுகிப்போன கம்ப்ரஸர் புல்லியோ. புல்லி இறுகியிருந்தால் புது பெல்ட்டும் கருகும். பரனூர் டோலில் அரை கிளட்ச்சில் ஊர்ந்த பிறகு வந்தால் கிளட்ச். நாலாவது கியரில் மிதித்துப் பாருங்கள், எஞ்சின் மட்டும் கத்தி வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. மாமல்லபுரம் பக்கம் உப்புக்காற்றில் பல நாள் நின்ற வண்டியில் ஹேண்ட்பிரேக் கேபிளும் கேலிப்பர் பின்னும் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளலாம். கோவளம் வரை ஓட்டி நிறுத்தி, தொடாமல் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கமும் கையைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சைலன்சரில் ஒட்டிய கேரிபேக்கும் இதே வாடையைத்தான் தரும். பிளாஸ்டிக் கருகும் நெடி உள்ளேயே வந்தால், அது எலி கடித்த வயராக இருக்கலாம். வண்டியை ஓரங்கட்டி, சாவியை அணைத்து, எல்லாரையும் இறக்கிவிடுங்கள். இதில் மட்டும் சோதனை எதுவும் வேண்டாம்.

கதையின் கடைசித் திருப்பம் வாடையே வராத ரப்பர். ஃபோர்டின் 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட் எஞ்சினில் ரப்பர் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. உராய்வு குறையும், பெட்ரோல் மிச்சம். ஆனால் அது கெட்டால் வெளியே நெடி வராது. பெல்ட்டிலிருந்து உதிரும் துகள் ஆயில் பம்பின் வலையை அடைக்கலாம். அமெரிக்காவில் விற்ற எக்கோஸ்போர்ட் மறைமலை நகரில் செய்தது. 2023 டிசம்பரில், இந்த எஞ்சின் கொண்ட ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் கார்கள் ஏறத்தாழ 1.4 லட்சத்தை அங்கே ஃபோர்டு திரும்ப அழைத்தது. ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டின் டென்ஷனர் உடைந்து ஆயில் அழுத்தம் போகலாம் என்பது காரணம்.

அதற்கு முன்பே, 2022 ஜூலையில், மறைமலை நகரில் கடைசிக் கார் இறங்கிவிட்டது. ஹெரால்டு வைத்திருந்தவர்கள் கம்பெனி போன பிறகும் மூக்கையும் கட்டைவிரலையும் வைத்து வண்டியை ஓட்டினார்கள். எக்கோபூஸ்ட் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் நம்ப வேண்டியது சரியான தரத்து ஆயிலையும், அதை மாற்றிய தேதி எழுதிய நோட்டையும்தான்.