கோட் சரி, கார் ஏன் ஓடல? லிங்கர் எரரின் கதை

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு எரர் மெசேஜோட வரலாறு பேசப்போறோம். கேம் பண்ணணும்னு ஆசைப்பட்டு சி, சி பிளஸ் பிளஸ் பக்கம் போன எல்லாரும் இதைப் பார்த்திருப்பீங்க. சிலர் அதோட கோடிங்கையே விட்டிருப்பீங்க.

2009. ஓசூர் பக்கத்துல ஒரு காலேஜ், கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் லேப். அன்னைக்குப் பயிற்சி, நகரும் கார். சக்கரத்துக்கு ரெண்டு வட்டம், பாடிக்கு நாலஞ்சு கோடு, ஒரு ஃபார் லூப், நடுவில் ஒரு டிலே. கார் திரையில் இடமிருந்து வலமாகப் போகணும். அதுவரைக்கும் எண்களைக் கூட்டி, சராசரி கண்டுபிடித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, திரையில் ஏதோ ஒன்று நகரப்போகிறது என்பதே பெரிய விஷயம். கார் ஓடினா அடுத்தது ரேஸ் கேம்னு நானும் என் நண்பனும் பிளான் போட்டு வெச்சிருந்தோம்.

கம்பைல் பண்ணினோம். எரர் பூஜ்ஜியம், 'சக்சஸ்'னு வந்தது. ரன் கொடுத்தோம். 'லிங்கர் எரர்: அன்டிஃபைன்ட் சிம்பல் _இனிட்கிராப்'. அடுத்த வரியில் அதே மாதிரி _சர்க்கிள், அதுக்கு அடுத்ததில் _லைன். நாங்க கூப்பிட்ட ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு வரி புகார்.

"டைப்பிங் மிஸ்டேக் இருக்கும், முதல்லேருந்து பாருங்கப்பா" என்றார் லேப் சார். பார்த்தோம். முழுசா அழிச்சு மூணு தடவை டைப் பண்ணினோம். அதே எரர். அதே ப்ரோக்ராமை ரெண்டு சீட் தள்ளி இருந்த சிஸ்டத்தில் போட்டா ஓடுது. "அஞ்சாம் நம்பர் சிஸ்டத்துல மட்டும்தான் கார் ஓடும்" என்பது எங்க பேட்ச்சில் ஒரு ஐதீகமாகவே ஆகிப்போச்சு. பிராக்டிகல் அன்னைக்கு அந்த சிஸ்டம் யாருக்குக் கிடைக்கும்னு வேண்டுதல் வெச்சவங்க உண்டு.

என் நண்பன் தேன்கனிக்கோட்டைப் பக்கம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அந்த எரரில் ஒரு வார்த்தையும் அவனுக்குப் பிடிபடல. எனக்கும்தான். ஆனா, "எனக்குக் கோடிங் வராதுடா" என்ற முடிவுக்கு அவன் அன்னைக்கே வந்துட்டான். ரேஸ் கேம் அத்தோடு முடிஞ்சது.

உண்மையில் என்ன நடந்தது? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

தொகுப்பி, இணைப்பி

கம்பைலருக்குத் தமிழில் 'தொகுப்பி' என்று ஒரு சொல் புழங்குகிறது. லிங்கருக்கு 'இணைப்பி'. இன்னைக்குக் கம்பைலர் செய்யும் வேலை மொழிமாற்றம்தானே, ஏன் 'தொகுப்பி'ன்னு தோணலாம். ஆனா 'கம்பைல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே அர்த்தம் தொகுப்பதுதான். ஆரம்பத்தில் அது செய்த வேலையும் அதுவே.

1949இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணினி ஓடத் தொடங்கியது. அதில் வேலை செய்த டேவிட் வீலர், மாரிஸ் வில்க்ஸ் போன்றவர்கள் சீக்கிரமே ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். வர்க்கமூலம் கண்டுபிடிப்பது மாதிரியான வேலையை ஒவ்வொரு தடவையும் புதுசா எழுதுவது வீண். ஒருமுறை சரியாக எழுதி, துளையிட்ட காகித நாடாவில் வைத்துக்கொண்டால், வேண்டியவர்கள் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். 'லைப்ரரி' என்று நாம் சும்மா சொல்லும் வார்த்தை, அப்போ நிஜமாகவே நாடாக்களை அடுக்கி வைத்த ஒரு நூலகம். அதற்கும் முன்னால், 1947லேயே எனியாக் கணினியை உருவாக்கிய ஜான் மாக்லி, நாடாவில் இருக்கும் துணைநிரல்களைத் தேர்ந்தெடுத்து ப்ரோக்ராமோடு சேர்த்து ஏற்றுவதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இந்த ஒட்டும் வேலையை மனிதர்கள் ஏன் செய்யணும், மெஷினே செய்யட்டுமே என்று யோசித்தவர் கிரேஸ் ஹாப்பர். யூனிவாக் கணினிக்காக அவர் எழுதி, 1952 வாக்கில் ஓடிய ஏ-ஜீரோ நிரலை உலகின் முதல் கம்பைலர் என்று சொல்வது வழக்கம். ஆனா அது செய்தது என்ன? நாடாவிலிருந்து வேண்டிய துணைநிரல்களைத் தேடி எடுத்து, ஒரே ப்ரோக்ராமாகத் தொகுத்தது. இன்றைய கணக்கில் அது கம்பைலரைவிட லிங்கருக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

சிப்காட் கணக்கில் சொன்னால்

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது ஈஸியா புரியும். 1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. 1980இல் டிவிஎஸ் 50 இங்கிருந்து வெளிவந்தது. 1984இல் தொடங்கின டைட்டனோட முதல் தொழிற்சாலையும் இங்கதான். ஒரு பெரிய கம்பெனியைச் சுற்றி அதுக்கு பார்ட்ஸ் செஞ்சு கொடுக்கும் சின்னச் சின்ன யூனிட்கள் எத்தனை இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

ஒரு யூனிட்டுக்கு டிராயிங் வருது. டிராயிங்கே தப்புன்னா வேலை ஆரம்பிக்கும்போதே தெரிஞ்சிடும். அது கம்பைலர் எரர். டிராயிங் சரி, உங்க பார்ட்டும் சரி, ஆனா அதோட சேர வேண்டிய இன்னொரு பார்ட் அசெம்பிளி லைனுக்கு வரவே இல்ல. அப்போ லைன் நிக்கும். அது லிங்கர் எரர்.

ஹெட்டர் ஃபைல் வெறும் டிராயிங் மட்டும்தான். 'சர்க்கிள்னு ஒண்ணு இருக்கு, மூணு எண் கொடுத்தா வட்டம் போடும்' என்று கம்பைலருக்குச் சொல்கிறது. கம்பைலர் அதை நம்பி சக்சஸ் சொல்லும். வட்டம் போடும் நிஜமான நிரல் வேறொரு லைப்ரரி ஃபைலில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து சேர்ப்பது லிங்கர். 'இன்க்ளூட்' என்று மேலே எழுதினதும் எல்லாமே உள்ளே வந்துவிட்டதாக நினைப்பதுதான் நாம் எல்லாரும் செய்யும் முதல் தப்பு.

லிங்கர் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். இங்க தமிழ்ல ஓசூர்னும் ஹோசூர்னும் எழுதுறோம், அத்திப்பள்ளி தாண்டினா ஹொசூரு. நமக்கு எல்லாம் ஒரே ஊர். லிங்கருக்கு மூணும் வேற வேற. சி பிளஸ் பிளஸ் கம்பைலர் ஒரு ஃபங்ஷன் வாங்கும் மதிப்புகளின் வகையையும் அதன் பெயரோடு சேர்த்துக் கோர்த்துவிடும். சி கம்பைலர் அப்படிச் செய்யாது. அதனால் ஒரு சி லைப்ரரியை சி பிளஸ் பிளஸில் கூப்பிடும்போது 'எக்ஸ்டெர்ன் சி' என்று குறிக்கவில்லை என்றால், லைப்ரரி கண்ணெதிரே இருந்தும் 'காணோம்'னுதான் வரும்.

ஒரு டிக் பாக்ஸ்

போர்லாண்ட் என்ற கலிபோர்னியா கம்பெனி 1983இல் டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு விற்றது. மற்ற கம்பைலர்கள் நூற்றுக்கணக்கில் விற்ற காலம். 1987இல் டர்போ சி, 1991இல் டர்போ சி பிளஸ் பிளஸ் 3.0. நம்ம லேப்களில் நீலத் திரையோடு இருந்தது இந்தக் குடும்பம்தான். இதோடு வந்த கிராபிக்ஸ் லைப்ரரியின் பெயர் பிஜிஐ, அதாவது போர்லாண்ட் கிராபிக்ஸ் இன்டர்ஃபேஸ்.

படம் வரைவது சி மொழியின் அடிப்படை நூலகத்தில் கிடையாது. அதனால் பிஜிஐ தனி ஃபைலாக இருந்தது. அது வேணும்னா ஆப்ஷன்ஸ் மெனுவில் லிங்கர், அதில் லைப்ரரீஸ், அதில் 'கிராபிக்ஸ் லைப்ரரி' என்று ஒரு கட்டம். அதை டிக் செய்யணும். அவ்வளவுதான்!

அஞ்சாம் நம்பர் சிஸ்டத்தில் யாரோ எப்பவோ டிக் செய்திருக்கிறார்கள். மற்றதில் இல்லை. எங்க ஐதீகத்தின் முழு ரகசியமும் இதுதான்.

இதைத் தாண்டினாலும் இன்னொரு பள்ளம் இருந்தது. ஸ்கிரீனுக்கான டிரைவர் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று இனிட்கிராப்புக்குச் சொல்லணும். சி டிரைவில் 'டிசி', அதற்குள் 'பிஜிஐ'. நடுவில் வரும் பேக்ஸ்லாஷை ஒன்று மட்டும் போட்டு, பெயரைச் சின்ன எழுத்தில் அடித்தால் கதை முடிந்தது. சி மொழியில் பேக்ஸ்லாஷ்-டி என்றால் டேப், பேக்ஸ்லாஷ்-பி என்றால் பேக்ஸ்பேஸ். ஃபோல்டர் பெயரே உருக்குலைஞ்சு போகும். கம்பைலருக்கும் லிங்கருக்கும் இதில் குறை தெரியாது. ஓடும்போதுதான் 'கிராபிக்ஸ் நாட் இனிஷியலைஸ்ட்' என்று வரும். பேக்ஸ்லாஷை ரெண்டாகப் போட்டால் சரி.

1991இன் மென்பொருள் 2009இல் ஏன் எங்க லேபில் இருந்தது? சி பிளஸ் பிளஸுக்கு முதல் சர்வதேசத் தரமே 1998இல்தான் வந்தது. அதற்கு முந்தைய மொழியைத்தான் நாங்க படிச்சோம். அப்போதைய பிளஸ் டூ புத்தகத்திலும் ஹெட்டர் பெயர் 'ஐஓஸ்ட்ரீம் புள்ளி எச்' என்றே இருந்தது. லேப் மேனுவல், தேர்வு ப்ரோக்ராம் எல்லாம் டர்போ சியை வைத்து எழுதப்பட்டிருந்தன. ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றணும். 64 பிட் விண்டோஸ் வந்தபோது 16 பிட்டான டர்போ சி நேரடியாக ஓடாமல் போனது. அப்பவும் பலர் அதை விடல. பழைய டாஸ் கேம்களை ஓட்டுவதற்காக எழுதப்பட்ட டாஸ்பாக்ஸுக்குள் வைத்து ஓட்டினார்கள். ஓசூரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் எலெக்ட்ரானிக் சிட்டி. 1970களின் கடைசியில் உருவான இடம். அங்கே வேலைக்குப் போகணும்னு கனவோடு இருந்த நாங்க, இங்கே படிச்சது அங்கே யாரும் பயன்படுத்தாத கம்பைலரை.

புது லைப்ரரி, பழைய எரர்

டர்போ சி போனால் பிரச்சனையும் போயிடுமா? இல்லை.

1990களில் ஷான் ஹார்க்ரீவ்ஸ் எழுதிய அலெக்ரோ வந்தது. முதலில் அடாரி கணினிக்கு எழுதியது, டாஸுக்கு வந்தபின் பிரபலமானது. அதில் மெயின் ஃபங்ஷன் முடிந்ததும் 'எண்ட் ஆஃப் மெயின்' என்று ஒரு வரி எழுதணும். மறந்தால் லிங்கர் எரர். 1998இல் சாம் லாண்டிங்கா எஸ்டிஎல் வெளியிட்டார். அது விண்டோஸில் உங்க 'மெயின்'ஐயே சத்தமில்லாமல் 'எஸ்டிஎல்_மெயின்' என்று பெயர் மாற்றிவிடும். சி பிளஸ் பிளஸில் மெயினின் அடைப்புக்குறிக்குள் ஒன்றும் போடாமல் விட்டால், பெயர் பொருந்தாமல் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்'. ஆர்க்-சி, ஆர்க்-வி ரெண்டையும் எழுதினால் போய்விடும்.

2013இல் பார்சிலோனாவில் ரமோன் சாந்தமாரியா, கலை படிக்கும் மாணவர்களுக்கு கேம் ப்ரோக்ராமிங் சொல்லிக்கொடுக்க ரேலிப் எழுதினார். பிஜிஐ மாதிரியே எளிமை. இன்னைக்குத் தொடங்குறவங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அதிலும் விண்டோஸில் ரேலிப்போடு ஓப்பன்ஜிஎல்32, ஜிடிஐ32, வின்எம்எம் மூன்றையும் லிங்கருக்குக் கொடுக்கணும்.

எரரை எப்படிப் படிக்கிறது

முதல் கேள்வி, இதைச் சொல்வது கம்பைலரா, லிங்கரா? வரி எண்ணோடு 'ஹெட்டர் ஃபைலைத் திறக்க முடியல', 'இது டிக்ளேர் ஆகல'ன்னு வந்தா கம்பைலர். இன்க்ளூட் பாதையையும் எழுத்துப்பிழையையும் பாருங்க.

'கேன்னாட் ஃபைண்ட்' என்று மைனஸ்-எல் போட்டு லைப்ரரி பெயர் வந்தால், லிங்கர் அந்த ஃபைலையே கண்டுபிடிக்கல. லைப்ரரி ஃபோல்டரின் பாதை தப்பு. 'ஸ்கிப்பிங் இன்கம்பாட்டிபிள்' என்றால் ஃபைல் இருக்கு, ஆனா 32க்கும் 64க்கும் சண்டை. உங்க கம்பைலருக்குப் பொருந்தும் பதிப்பை இறக்குங்க.

'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்றால் டிராயிங் இருக்கு, பார்ட் வரல. லைப்ரரியைக் கொடுத்தீங்களா பாருங்க. கொடுத்தும் வந்தால் வரிசையைப் பாருங்க. குனு லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். ஒரு லைப்ரரியைத் திறக்கும் நேரத்தில் எதெல்லாம் தேவைன்னு பதிவாகியிருக்கோ அதை மட்டும்தான் அதிலிருந்து எடுக்கும். ஸ்டோர்ஸில் இண்டென்ட் வராமல் பொருள் எடுத்துத் தர மாட்டாங்க இல்லையா, அதே கதை. அதனால் உங்க ஃபைல் முன்னாடி, லைப்ரரி பின்னாடி. எஸ்டிஎல்லுக்கு மிங்வி32, எஸ்டிஎல்2மெயின், எஸ்டிஎல்2 என்பது வரிசை.

'மல்டிபிள் டெஃபினிஷன்' என்றால் தலைகீழ். ஒரே பார்ட் ரெண்டு இடத்திலிருந்து வந்திருக்கு. பெரும்பாலும் ஹெட்டருக்குள் முழு ஃபங்ஷனையும் எழுதியிருப்பீங்க.

நூறு எரர் வந்தாலும் பயப்படாதீங்க. முதல் எரரைச் சரிபண்ணுங்க. அன்னைக்கு எங்களுக்கு வந்த அத்தனை புகாருக்கும் காரணம் ஒரே ஒரு டிக்.

என் நண்பன் இப்போ சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில் இருக்கான். லைன் நின்னா, பார்ட்டில் குறையா, பார்ட் வரலையா என்று பிரித்துச் சொல்வது தினசரி அவன் வேலை. இந்த எபிசோடுக்குத் தயாராகும்போது அவனுக்கு போன் பண்ணி அந்த டிக் பாக்ஸ் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ நாம எழுதினது சரியாடா?"ன்னு கேட்டான்.

சரிதான்டா. மூணு தடவையும் சரியாத்தான் எழுதியிருந்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய், அவன் லேப்டாப்பில் ரேலிப் போட்டோம். முதல் தடவை அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் வந்தது. இந்தத் தடவை அவனே படிச்சான்: "ஜிடிஐ32 குடுக்கல." ரெண்டு வட்டம், நாலஞ்சு கோடு. கார் ஓடிச்சு. அவன் பொண்ணு பார்த்துட்டு, "அப்பா, இதுக்கு ஸ்டியரிங் எங்க?"ன்னு கேட்டா. அடுத்த ஞாயிறு அந்த வேலை.

உங்க லேபில் ஓடாமப் போன ப்ரோக்ராம் எதுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.