ஒரே ஊரில் இரண்டு காலியிடம்

கணவன் மனைவி இருவரும் ராணுவ அதிகாரிகளாக இருந்தால், அவர்கள் சேர்ந்து குடும்பம் நடத்த ஒரே ஊரில் இரண்டு காலியிடங்கள் வேண்டும். அவை ஏறக்குறைய ஒரே சமயத்தில் காலியாகவும் வேண்டும். எம்.என்.எஸ். என்று நாங்கள் சொல்லும் ராணுவச் செவிலியர் பணியில் லெப்டினன்ட்டாகச் சேர்ந்து லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றவள் நான். என் கணவர் இ.எம்.இ. எனப்படும் மின்னணு, இயந்திரப் பொறியாளர் பிரிவில் அதிகாரி. எங்கள் கல்யாண வாழ்க்கை முழுக்க இந்தக் காலியிடக் கணக்கைச் சுற்றித்தான் ஓடியது. "ஸ்பவுஸ் போஸ்டிங் கேட்டால் கிடைக்குமா மேடம்?" என்று இளம் பெண்கள் இப்போது சாதாரணமாகக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கவே வழியில்லாதிருந்த காலத்தின் கதையை அவர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பட்டாளத்தில் கல்யாணம் என்பது ஆதியிலிருந்தே எண்ணிக்கை விவகாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டிஷ் ரெஜிமென்ட் கப்பலேறும்போது எல்லாச் சிப்பாய்களின் மனைவியரையும் அழைத்துப் போகமாட்டார்கள். வழக்கமாக நூறு பேருக்கு ஆறு மனைவியர். இந்தியாவுக்குப் போகிற படை என்றால் பன்னிரண்டு. யார் போவது, யார் கரையில் நிற்பது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். சீட்டு விழாதவள் கைக்குழந்தையோடு துறைமுகத்திலேயே நின்றுவிடுவாள். அவர்களில் பலர் கணவனை மறுபடி பார்க்கவேயில்லை. குடும்பத்தைச் சேர்த்து வைப்பது படையின் கடமை அல்ல, அதன் தயவு என்ற எண்ணம் அந்தச் சீட்டிலேயே தொடங்கிவிட்டது.

1888-இல் காதரின் கிரேஸ் லாக் என்ற பெண்மணியும் அவருடன் வந்த சில செவிலியரும் பம்பாயில் இறங்கினார்கள். லாக் ராவல்பிண்டி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். இந்தியாவில் ராணுவச் செவிலியர் பணி அங்கிருந்துதான் வளர்ந்தது. 1926 அக்டோபர் 1-இல் அது நிரந்தர அமைப்பாயிற்று. இன்றும் அந்தத் தேதியையே எம்.என்.எஸ். பிறந்தநாளாகக் கொண்டாடுகிறோம். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-இல் வந்த அவசரச் சட்டம் செவிலியரை அதிகாரிகளாக்கியது. தோளில் நட்சத்திரம் ஏறியது. ஆனால் 'சிஸ்டர்' என்றால் குடும்பம் இல்லாதவள், வார்டே வீடு என்றிருப்பவள் என்ற பழைய எண்ணம் மட்டும் இறங்கவில்லை.

பெண் மருத்துவர்களின் கதை வேறு. 1958 முதல் ராணுவ மருத்துவப் பிரிவில் ஆண்களைப் போலவே அவர்களும் நிரந்தர அதிகாரிகளாக முடிந்தது. திருப்பதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பத்மாவதி சுவாமிநாதனாகப் பிறந்து, பின்னாளில் இந்திய விமானப்படையின் முதல் பெண் ஏர் மார்ஷலான பத்மா பந்தோபாத்யாயாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 போரின்போது பஞ்சாபில் உள்ள ஹல்வாரா விமானத் தளத்தில் அவர் மருத்துவராக இருந்தார். விமானப்படை அதிகாரியான அவருடைய கணவரும் அதே தளத்தில்தான் இருந்தார். போருக்குப் பின் இருவரும் ஒரே விழாவில் விசிஷ்ட சேவா பதக்கம் பெற்றார்கள். தம்பதியாக ஒரே தளத்தில் இருந்தால் வேலை கெடும் என்று வாதிடுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் பதில் ஹல்வாராதான்.

அந்தப் போர் முடிந்து ஆறே ஆண்டுகளில், 1977-இல், செவிலியருக்கான பணி நிபந்தனைகள் 61-ஆம் எண் ராணுவ அறிவுறுத்தலாக வெளிவந்தன. எந்தெந்தக் காரணங்களுக்காக ஒரு செவிலியரின் பணியை முடிக்கலாம் என்ற பட்டியல் அதில் இருந்தது. மருத்துவக் குழு உடல் தகுதியில்லை என்று சொன்னால் முடிக்கலாம். நடத்தை கெட்டால் முடிக்கலாம். இவ்விரண்டுக்கும் நடுவே 'திருமணம் செய்துகொண்டால்' என்று ஒரு வரி. ஒரே மருத்துவமனையில் ஆபரேஷன் செய்கிற பெண் மருத்துவருக்குக் கணவன் இருக்கலாம். அந்த நோயாளியை இரவெல்லாம் கண்விழித்துப் பார்க்கிற சிஸ்டருக்கு இருக்கக் கூடாது. இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

அந்த வரி காகிதத்தோடு நின்றுவிடவில்லை. செகந்திராபாத் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய ஒரு லெப்டினன்ட், ஒரு ராணுவ அதிகாரியை மணந்தார். 1988 ஆகஸ்டில் அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். கணவர் பணியில் தொடர்ந்தார். அந்தத் தம்பதிக்கு ஒரே ஊரில் போஸ்டிங் கேட்கும் வாய்ப்பே வரவில்லை. கேட்பதற்கு மனைவிக்கு வேலை இருந்தால்தானே! 1995 ஆகஸ்டில் அந்த நிபந்தனை திரும்பப் பெறப்பட்டது. அவரோ நீக்கத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கை விடவில்லை. 2016-இல் லக்னோவில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. அரசு மேல்முறையீடு செய்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், திருமணத்துக்காக ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது பாலினப் பாகுபாடும் அநியாயமும் ஆகும் என்று கூறி, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. நீக்கத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே 35 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஓடிப்போன சர்வீஸை எந்தத் தொகையும் திருப்பித் தராது.

அந்த நிபந்தனை போன பிறகு பணியில் சேர்ந்தவள் நான். நாகர்கோவிலிலிருந்து புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியின் நர்சிங் படிப்புக்குப் போனேன். அங்கிருந்து நேரே ராணுவம். கல்யாணமானதும் சீனியர் ஒருவர் சொல்லிக்கொடுத்த பாடம் இது: "உன் புருஷனுக்கு எங்கே வேலை இருக்கிறதோ, அந்த ஊரில் நமக்கு ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று முதலில் பாரு." அவர் சொன்னது வேதவாக்கு. இ.எம்.இ. அதிகாரிக்குச் செகந்திராபாதில் கல்லூரி உண்டு, பயிற்சி மையம் உண்டு. எனக்கு அங்கே ராணுவ மருத்துவமனை உண்டு. ஆகவே எங்கள் முதல் குடித்தனம் செகந்திராபாதில் அமைந்தது. முன்பு ஒரு சிஸ்டர் கல்யாணத்துக்காக வேலையை இழந்த அதே ஊரில், கல்யாணமான சிஸ்டரான எனக்குக் கணவரோடு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அம்மா நாகர்கோவிலிலிருந்து வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள்.

ஸ்பவுஸ் போஸ்டிங் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணவனும் மனைவியும் தத்தம் யூனிட் வழியாகத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். ராணுவ அதிகாரிகளின் போஸ்டிங்கைத் தலைமையகத்தில் எம்.எஸ். பிராஞ்ச் பார்க்கிறது, செவிலியருடையதை எம்.என்.எஸ். இயக்குநரகம் பார்க்கிறது. இரண்டு மேசைகளும் ஒரே ஊரைச் சொன்னால் அதற்குப் பெயர் 'ஸ்பவுஸ் கோஆர்டினேட்டட் போஸ்டிங்'. ஒருவர் தரைப்படை, மற்றவர் கடற்படை என்றால் இரண்டு தலைமையகங்கள் பேசிக்கொள்ள வேண்டும். இதனால்தான் புனே, செகந்திராபாத், டெல்லி போன்ற பெரிய ஸ்டேஷன்கள் எங்களைப் போன்றவர்களுக்குப் புண்ணியத் தலங்கள். நம் நீலகிரியின் வெலிங்டனும் அப்படித்தான்: ஸ்டாஃப் காலேஜ், மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம், ராணுவ மருத்துவமனை மூன்றும் ஒரே மலையில் இருக்கின்றன.

பீஸ் ஸ்டேஷன் எனும் அமைதிப் பகுதிப் பணி முடிந்தால் ஃபீல்டு எனும் களப் பணி. கணவர் குப்வாரா பக்கம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது எனக்கு ஸ்ரீநகர் பாதாமிபாக்கில் 92 பேஸ் ஹாஸ்பிடல் கிடைத்தது. காகிதத்தில் இருவரும் ஒரே பள்ளத்தாக்கு. நிஜத்தில் கான்வாய் இறங்கி வரும் நாளில் மட்டும் பார்த்துக்கொள்வோம். அதில் எனக்குக் குறையில்லை. காயம்பட்டு வருகிற பையன்களைப் பார்த்தவளுக்கு, எல்லையில் யாராவது நின்றாக வேண்டும் என்பது தெரியும். ஃபீல்டு முடிந்ததும் மறுபடி சேர்த்து வைப்பார்கள் என்ற உறுதி இருந்தால், பிரிவைத் தாங்கிக்கொள்ளலாம்.

1992-இல் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாதமியில் 25 பெண்கள் பயிற்சிக்குச் சேர்ந்து, 1993 மார்ச்சில் அதிகாரிகளானார்கள். அதுவரை மருத்துவர், செவிலியர் என்றிருந்த பெண்களின் வட்டம் அங்கிருந்து விரிந்தது. சப்ளை, ஆர்ட்னன்ஸ், கல்வி, சட்டம் என்று பல பிரிவுகளில் தம்பதிகள் உருவானார்கள். 2020-இல் உச்ச நீதிமன்றம் அப்பெண்களுக்கு நிரந்தர கமிஷன் தரச் சொன்ன பிறகு, ஒரே ஊரில் போஸ்டிங் கிடைப்பது சில வருடப் பிரச்சினை என்ற நிலை போய், ஒரு முழு சர்வீஸின் பிரச்சினை ஆயிற்று. அதே 2020-இல் மாதுரி கனிட்கர் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். அவர் கணவர் ராஜீவும் அதே பதவியை எட்டியவர். 2023-இல் சாதனா சக்சேனா நாயரும், முன்பே ஓய்வு பெற்றிருந்த அவர் கணவர் கே.பி. நாயரும் நாட்டின் முதல் ஏர் மார்ஷல் தம்பதி ஆனார்கள். கல்யாணம் பண்ணினால் பெண் வேலைக்கு ஆகமாட்டாள் என்று எழுதியவர்களுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

சிவில் அரசுப் பணியில் கணவன் மனைவியை ஒரே ஊரில் வைக்க முயல வேண்டும் என்று மத்திய அரசு 1986-லேயே ஆணை போட்டது. 2009-இல் அதை இன்னும் வலுவாக்கியது. ராணுவத்தை அப்படியே சிவிலுக்கு ஒப்பிட முடியாது. எல்லைத் தேவைதான் முதலில், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2021 மே மாதம் பெங்களூரில் 83 பெண்கள் ராணுவப் போலீஸ் சிப்பாய்களாகப் பயிற்சி முடித்தார்கள். இனி ஜவானும் ஜவானும் மணப்பார்கள். அதிகாரிக்கு டெல்லியில் ஒரு பேட்ச்மேட் இருப்பார், போன் போட்டுக் கேட்பார். கிராமத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? ஃபீல்டு முடிந்த தம்பதிக்கு அடுத்த போஸ்டிங் ஒரே ஊரில். தர முடியாவிட்டால் காரணம் எழுத்தில். பதவி எதுவானாலும் பொருந்தும்படி இந்த இரண்டு வரிகளை விதியாக எழுதிவிட்டால் போதும். கல்யாணத்துக்குத் தண்டனை தர ஒரு வரியை எழுதி வைத்திருந்த படைக்கு, குடும்பத்தைக் காக்க இரண்டு வரி எழுதுவது முடியாத காரியமல்ல.