புறம்போக்கும் பூந்தோட்டமும்

இன்று வசைச்சொல்லாகப் புழங்கும் 'புறம்போக்கு', ஒரு காலத்தில் மரியாதையான சொல். வரிக்குப் புறம்பாக விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். ஒருவருக்கும் உரிமையில்லாத நிலம் என்று இன்று நாம் எண்ணுகிறோம். எல்லாருக்கும் உரியது என்பதாலேயே அது வரியிலிருந்து விலக்கப்பட்டது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்களின் விளைநிலத்தைக் கணக்கிடும்போது, ஊர்நத்தம், குளம், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டே வரி விதிக்கின்றன. கோயிலுக்குப் பூ அளிக்கும் நந்தவனங்களுக்கு நிலமும், அவற்றைப் பேணுவோருக்கு வாழ்வூதியமும் விடப்பட்ட செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏராளம். இந்த நிலம் இன்னதற்கு மட்டுமே என வரையறுக்கும் வழக்கம் நமக்கு நகரமைப்புத் துறையோடு வந்ததன்று.

சேது நாட்டுக் கரையில் இவ்வழக்கம் என்னவாயிற்று என்று பார்ப்பது பயனுள்ளது. மணலும் உப்புக்காற்றும் நிறைந்த மண் இது. ஆயினும் தோட்டக்கலைக்கு அந்நியமானதன்று. இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்து மணலில் பதியன் போட்டு வளர்க்கப்படும் மல்லிகை நாற்றுகளே மதுரை வட்டாரத்துத் தோட்டங்களுக்கும் அப்பாலும் செல்கின்றன. மணலுக்கடியில், உப்புநீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம்தான் இதன் இரகசியம். தனுஷ்கோடியில் மீனவக் குடும்பங்கள் மணலைக் கையால் தோண்டி எடுக்கும் ஊற்றுநீரும் அதுவே. ஆழமாகத் தோண்டினால், அல்லது வேகமாக இறைத்தால், உப்பு மேலேறிவிடும்.

1803இல் இராமநாதபுரம் நிரந்தர நிலவரித் திட்டத்தின்கீழ் ஜமீனாயிற்று. ஊர்ப்பொதுவின்மீது ஜமீனின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது. நூறாண்டுகளுக்குப் பின் வந்த 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம், களம், மந்தை, ஏரிப்படுகை முதலிய பொது நிலங்களை அரசுத் தரப்பின் ஆணையின்றி வேறு பயனுக்கு மாற்றலாகாது என்றது. அதே 1908இல் இங்கிலாந்தில் இன்னொரு சட்டம் வந்தது. நிலமற்ற உழைப்பாளிகள் கேட்டால், காய்கறி பயிரிடச் சிறு தோட்டத்துண்டுகளை ஏற்பாடு செய்து தருவது உள்ளாட்சிகளின் கடமை என்றது அது. 1925இல், அதற்கென வாங்கிய நிலத்தை அமைச்சரின் இசைவின்றி விற்கலாகாது என்ற காப்பும் சேர்ந்தது. ஒரே பேரரசின் இவ்விரு சட்டங்களுள் ஒன்று இருப்பதை அழியாமல் காக்க முயன்றது. மற்றது இல்லாததை உண்டாக்கும் கடமையை விதித்தது. நமக்கு வாய்த்தது முன்னது மட்டுமே.

1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் பொது நிலம், புறம்போக்கு, மேய்ச்சல், காடு யாவும் அரசைச் சேர்ந்தன. ஜமீனின் பிடி தளர்ந்தது பெரும் விடுதலை; அதில் ஐயமில்லை. ஆனால் ஊரார் அன்றுமுதல் பொது நிலத்தின் உரிமையாளரல்லர், 'ஆக்கிரமிப்பாளர்' ஆகக்கூடியவர். ஆட்சேபணையுள்ள புறம்போக்கு, ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்று வருவாய்த் துறை பிரித்தது. ஆட்சேபிக்கும் உரிமை யாருடையது என்பதில்தான் மாற்றம் முழுமையாகத் தெரிகிறது.

அடுத்த கோடு கடலிலிருந்து வரையப்பட்டது. 1991 பிப்ரவரியில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கிராமப்புறக் கரைகளில் உயரலைக் கோட்டிலிருந்து 200 மீட்டரை வளர்ச்சிப் பணிகளற்ற பகுதியாக்கியது. அங்கும் அனுமதிக்கப்பட்ட பயன்களின் பட்டியலில் வேளாண்மை, தோட்டக்கலை, பூங்கா, மேய்ச்சல், உப்பளம் இருந்தன. கட்டடம் கூடாது, தோட்டம் கூடும்! ஆனால் அதே அறிவிக்கை அந்த 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பதையும் தடுத்தது. 200 முதல் 500 மீட்டர் வரை, சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைக்க மட்டும் இசைந்தது. தோட்டம் உண்டு, தண்ணீர் இல்லை என்ற இந்த முரண் 2011ஆம் ஆண்டு அறிவிக்கையில் தளர்ந்தது. உள்ளூர் மக்கள் வாழுமிடங்களில் அவர்களின் சொந்தப் பயனுக்கு நீரெடுக்க விலக்கு எழுதப்பட்டது. ஊற்றுநீரின் இயல்பை அறிந்தவர்க்கு அந்தத் தடையின் நியாயமும் புரியும், விலக்கின் நியாயமும் புரியும்.

2019இல் கோடு மீண்டும் நகர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரைகளில், 200 மீட்டர், நிபந்தனைகளோடு 50 மீட்டராகக் குறைந்தது. நெருக்கடியில் வாழும் மக்களுக்கு வீடு வேண்டும் என்ற வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. விடுதிகளும் அதே வாசல் வழியே வரக்கூடும் என்பதையும் மறந்துவிட முடியாது.

இவ்வரலாற்றில் நமக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. பழைய புறம்போக்கு முறை, நிலம் யாருக்கானது என்பதை முதலில் சொன்னது. புதிய மண்டல விதி, நிலம் எதற்கானது என்பதை மட்டும் சொல்கிறது. விதியின் கண்ணுக்கு விடுதியின் புல்தரையும் தோட்டம்தான், ஊரார் கூடி வளர்க்கும் முருங்கையும் மல்லிகையும் தோட்டம்தான். நியூயார்க்கில் 1999இல் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்களை மாநகர நிர்வாகம் ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது, அறக்கட்டளைகள் அவற்றை விலைக்கு வாங்கியே காக்க வேண்டியிருந்தது. பயிரிட்டவர்களின் பல்லாண்டு உழைப்பு உரிமையாகக் கணக்கில் ஏறவில்லை.

2011 சனவரியில், பஞ்சாப் கிராமமொன்றின் குளத்தைப் பற்றிய வழக்கில், ஊர்ப்பொது நிலங்களை மீட்டு ஊருக்கே அளிக்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மீட்பது ஒரு பாதி. மீட்டபின் அது வேலியிட்ட அரசு நிலமாகுமா, ஊரார் கைபட்ட தோட்டமாகுமா என்பது மறுபாதி. கிராமத்து அ-பதிவேட்டில் தோப்பு, களம், ஊருணி என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. தத்தம் ஊரில் அந்தப் பெயர்களுக்கு நேரே தரையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்தால் நல்லது. வசைச்சொல்லுக்குப் பழைய மரியாதை திரும்புமானால், அது அங்கிருந்துதான் தொடங்கும்.